இஞ்சிலிருந்து மில்லிமீட்டருக்கு

ஜன்னல் திரை, கதவுத் திரை, மேடைத் திரை என்று திரைச்சீலைகளை மட்டுமே தைத்துக் கொடுக்கிற கடை அது. முன்பக்கம் ஆள் உயரத்துக்குத் துணிச் சுருள்கள் நிற்கும். பின்பக்கம் தையல் அறை. அந்த அறையின் மூத்த தையல்காரர்தான் திரையக்கா. டீ கொண்டுவந்து வைப்பவரிலிருந்து எதிரே இருக்கிற வங்கியின் மேலாளர் வரை கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் திரையக்காதான். அப்படியே முகவரி எழுதி ஒருவர் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார். தபால்காரரும் யோசிக்காமல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

கழுத்தில் மஞ்சள் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தால் வேறு யாரோ என்று தோன்றும். அந்த டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். இஞ்ச் பக்கத்தில் எண்கள் தேய்ந்து, நாற்பதுக்கு மேல் எதுவும் சரியாகத் தெரியாது. சென்டிமீட்டர் பக்கம் கடையில் வாங்கின நாளில் இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கும். திருப்பிப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை. துணியைக் கையில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால், “இது ஐம்பத்து நாலு” என்பார். அளந்து பார்த்தால் ஐம்பத்து நாலு இருக்கும்.

படித்தது ஏழாம் வகுப்பு வரை. அதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வேலை மாறியது; வருஷத்தின் நடுவில் வேறு ஊருக்குப் போனார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில், “அடுத்த வருஷம் வாங்க” என்றார்கள். அதுவரை பொழுது போகட்டும் என்று பக்கத்து வீட்டு அத்தையின் தையல் மெஷினில் உட்கார்ந்தார். கால் மெஷினுக்குப் பழகிவிட்டது. அடுத்த வருஷமும் வந்தது. பள்ளிக்கூடம் வீட்டில் யாருக்கும் நினைவில்லை, அவருக்கும் இல்லை. பிற்பாடு யாரையாவது குறை சொல்லலாம் என்று யோசித்தால்கூட ஆள் கிடைக்கவில்லை.

கல்யாணம் ஆயிற்று. கணவர் ஒரு பேக்கரியின் வேன் ஓட்டுநர். விடியும் முன்பே ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பி, மதியம் வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார். அதே பேக்கரியில் கல்லாவில் நிற்பவர் கணவரின் தங்கை, திரையக்காவுக்கு நாத்தனார். வயது நாற்பதைத் தொட்டாலும் வீட்டில் அவர் பெயர் பாப்பாதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடி அறையில் வசதியாக இருக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் தினமும் ஒரு சண்டை இருக்கும். ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் கடைக்குக்கூடப் போகமாட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆஸ்பத்திரித் திரை வந்து சேர்ந்தது.

ஒரு வார்டு முழுக்கப் படுக்கைகளைச் சுற்றித் தொங்கவிடும் திரைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேலே வலை, கீழே வெளிர்பச்சைத் துணி. வெட்டு மாஸ்டர் எல்லாவற்றையும் அளவாக வெட்டி அடுக்கிவைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். முதலாளியும் துணி எடுக்க வெளியூரில் இருந்தார். அடுக்கின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது: ‘கீழ் மடிப்பு 75.’

திரையக்கா சீட்டைப் பார்த்தார். எழுபத்தைந்து இஞ்சாக இருக்க முடியாது. துணியே அவ்வளவுதான் இருக்கிறது. அப்படியானால் சென்டிமீட்டர். டேப்பைத் திருப்பி வைத்துப் பார்த்தார். துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மடிப்பிலேயே போனது.

“என்னக்கா இது, துணிக்குள்ள துணி ஒளிஞ்சிருக்கு?” என்று பக்கத்து மெஷின்காரர் கேட்டார்.

“ஆஸ்பத்திரி இல்லையா, ஃபேன் ஓடிட்டே இருக்கும். கனமா இருந்தாத்தான் பறக்காம தொங்கும்” என்றார் திரையக்கா. சொல்லும்போதே அவருக்குள் ஏதோ இடித்தது. ஆனால் சீட்டில் எழுதியிருக்கிறதே. எழுதினவர்களுக்குத் தெரியாதா என்ன? எல்லாவற்றையும் அப்படியே மடித்து, நேர்த்தியாகத் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதலாளி இல்லாததால் திரையக்காவே போகவேண்டியதாயிற்று. வார்டுக்குள் நுழைந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. திரைகள் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டன. உள்ளே நிற்கிற டாக்டரின் முகம் தெரியவில்லை. படுத்திருக்கிற நோயாளி மட்டும் நன்றாகத் தெரிந்தார். மறைக்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் மறைத்துக்கொண்டிருந்தன அந்தத் திரைகள்.

வார்டின் மூத்த சிஸ்டர் நல்ல மனுஷி. கோபப்படாமல், வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

“சிரிச்சுடுங்க சிஸ்டர், எனக்கும் பாரம் இறங்கும்” என்றார் திரையக்கா.

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: “அந்த எழுபத்தஞ்சு மில்லிமீட்டர் அக்கா. கட்டடத்துக்காரங்க எல்லாத்தையும் மில்லிலதான் எழுதுவாங்க. ஏழரை சென்டிமீட்டர் மடிச்சிருந்தா போதும்.”

“ஏழரையா!” என்றார் திரையக்கா. “சனிதான் பிடிச்சிருக்கு எனக்கு.”

நல்லவேளை, துணியை யாரும் வெட்டிவிடவில்லை. அதிகப்படியானதெல்லாம் மடிப்புக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. எல்லாத் திரைகளையும் திரும்பக் கொண்டுவந்து, பிரித்து, மறுபடி தைத்தார்கள். பிரித்த நூல் தரையெல்லாம் பஞ்சு போலக் கிடந்தது. ஊரிலிருந்து திரும்பிய முதலாளி விஷயத்தைக் கேட்டு, “சீட்டுல மி.மீ.னு எழுதாம விட்டது நம்ம மாஸ்டர் தப்பு. நீங்க விடுங்கக்கா” என்றார். எல்லோரும் விட்டுவிட்டார்கள். திரையக்காவால் மட்டும் விட முடியவில்லை. மனசுக்குள் இடித்ததைத் தான் கேட்காமல் போனது ஏன் என்று யோசித்துப் பார்த்தார். கேட்கத் தெரியவில்லை, அதுதான் காரணம். எது எதில் எத்தனை என்று தெரிந்திருந்தால் அல்லவா கேள்வி வரும்?

பிரித்துத் தைத்த திரைகளை மாட்டப் போன அன்று, அந்தச் சிஸ்டரே பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு மதியங்களில் பெரியவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடக்கிறது. சிஸ்டரின் தம்பிகூட அங்கே படித்துத்தான் தேறினாராம்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “போயேன். சனிக்கிழமை மத்தியானம் நான் தூங்கும்போது வீட்ல பாத்திரம் உருட்டுற சத்தமாவது இல்லாம இருக்கும்.”

“தனியாவா போறது?” என்றார் திரையக்கா, நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே.

“என்னை ஏன் பார்க்கறீங்க அண்ணி? நான் ஒன்பதாவதுல கணக்குல ரெண்டு தடவை குட்டிக்கரணம் அடிச்சவ.”

“நான் ஒன்பதாவதையே பார்த்ததில்ல. வா, ரெண்டு பேரும் சேர்ந்து கரணம் அடிப்போம்.”

சேர்ந்துவிட்டார்கள்.

வாரநாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அறை அது. பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் முழங்கால் நுழையாது. லாரி ஓட்டுநர் ஒருவர் காலை வெளியே நீட்டிக்கொண்டு பக்கவாட்டில்தான் உட்காருவார். முடிதிருத்துபவர் ஒருவர், வீட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், இன்னும் சிலர். அறிவியல் ஆசிரியைக்கு வகுப்பில் இருந்த எல்லோரையும்விட வயது குறைவு. அவரை இவர்கள் ‘மிஸ்’ என்றார்கள். அவர் இவர்களை அண்ணா, அக்கா என்றார். முதல் பாடமே அளவைகள்.

“மேஜை எவ்வளவு நீளம் இருக்கும், அளக்காம சொல்லுங்க பார்ப்போம்” என்றார் மிஸ்.

“நாற்பத்தெட்டு இஞ்ச்” என்று திரையக்கா உடனே சொன்னார்.

“சரி, சென்டிமீட்டர்ல?”

திரையக்காவின் கை டேப்புக்குப் போனது. லாரிக்காரர் குத்துமதிப்பாக, “நூத்திருபது” என்றார். அளந்தார்கள். நூற்றிருபத்திரண்டு. லாரிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் மிஸ் கரும்பலகையில் ஏணி மாதிரி ஒன்று வரைந்தார். மேல்படியில் கிலோ, நடுப்படியில் மீட்டர், அதற்குக் கீழே சென்டி, கடைசியில் மில்லி. கீழே இறங்கினால் பெருக்கவேண்டும், மேலே ஏறினால் வகுக்கவேண்டும். மீட்டருக்குச் செய்வதைத்தான் லிட்டருக்கும் கிராமுக்கும் செய்யவேண்டும். பாப்பாவுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. கல்லாவில் நாள் முழுக்க எண்களோடு நிற்கிறவர் இல்லையா? திரையக்காவுக்கோ அந்த ஏணி தலைகீழாகத் தெரிந்தது. சின்னதுக்கு இறங்கும்போது எண் எதற்காகப் பெரிதாகவேண்டும்? இறங்கினால் குறையத்தானே வேண்டும்? இதை வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. பெருக்கவா வகுக்கவா என்று ஒவ்வொரு முறையும் சாமியை வேண்டிக்கொண்டு ஏதோ ஒன்றைச் செய்தார்.

மூன்றாவது வாரம் ஒரு சின்னப் பரீட்சை. ‘ஒரு தேக்கரண்டியில் 5 மில்லிலிட்டர் மருந்து உள்ளது. இதை லிட்டரில் எழுதுக’ என்று ஒரு கேள்வி. திரையக்கா 5000 லிட்டர் என்று எழுதிவைத்தார்.

மிஸ் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அக்கா, உங்க வீட்டுத் தேக்கரண்டியை ஒரு நாள் கொண்டாங்க. எங்க தெருவுல தண்ணி வரல” என்றார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வகுப்பே கொல்லென்று சிரித்தது. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் பாப்பா ஓயவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, மூச்சு முட்டி, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் திரையக்கா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. கணவர் தங்கையைப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்று புருவத்தால் கேட்டார். தங்கை உதட்டைப் பிதுக்கினார்.

“நான் இனிமே வரல. நீ போய்ப் படிச்சு கலெக்டர் ஆயிடு” என்றார் திரையக்கா, கடைசியில்.

பாப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரியிலிருந்து சூடாக பன் கொண்டுவந்து வைத்தார். டீயும் அவரே போட்டார். அண்ணியின் டம்ளரில் சர்க்கரை போடும்போது கரண்டியை ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டு, “அண்ணி, அஞ்சாயிரம் லிட்டர் போதுமா, இன்னும் அஞ்சாயிரம் போடவா?” என்றார்.

அன்று விடுமுறையில் வீட்டில் இருந்த கணவர் பயந்துபோய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரையக்கா முறைத்தார். முறைப்பு தாங்கவில்லை, உதடு கோணி, சிரிப்பு வெடித்து, டீ புரையேறி, பாப்பாவே அவர் தலையில் தட்டவேண்டியதாயிற்று. மதியம் இருவரும் வழக்கம்போல வகுப்புக்குக் கிளம்பினார்கள்.

ஏணியின் முடிச்சு அவிழ்ந்தது ஒரு வாரநாளில், கடையில். திரைகளைச் சேர்த்துக் கட்டும் பட்டைகளுக்காக ஒரு நீளத் துணியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அகலமாக வெட்டினால் நாலு பட்டைதான் தேறியது. இன்னும் சில வேண்டும் என்பதால் அதே நீளமுள்ள அடுத்த துணியைச் சின்னச் சின்னதாக வெட்டினார். எட்டு வந்தது. கத்தரி கையில் அப்படியே நின்றது. துண்டு சின்னதானால் எண்ணிக்கை கூடுகிறது. துணி அதே அளவுதான். மில்லிமீட்டர் சின்னத் துண்டு, அதனால் நிறைய வேண்டும். மீட்டர் பெரிய துண்டு, கொஞ்சம் போதும். இதைத்தானா அந்த ஏணி சொல்கிறது? “அட!” என்றார் வாய்விட்டு. பக்கத்து மெஷின்காரர், ஊசி குத்திவிட்டதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

அதன்பிறகு டேப்பின் புதுப் பக்கத்துக்கு வேலை வந்தது. வீட்டில் ஒன்றையும் விடவில்லை. கட்டில், கதவு, அலமாரி, சோப்பு, கணவரின் செருப்பு. கடைசியில் கணவரையே சுவரோடு சேர்த்து நிறுத்தினார். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தன்னை ஆறடி என்று சொல்லிக்கொள்கிறவர். பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

“மூச்சை இழுத்துப் பிடிச்சா உயரம் கூடாதுங்க. குதிகாலைக் கீழ வைங்க.”

“வெச்சுத்தான் இருக்கேன்.”

“பொய். பாப்பா, குனிஞ்சு பாரு.”

“ரெண்டு விரல் தூக்கியிருக்கான் அண்ணி” என்று பாப்பா தரையிலிருந்து தகவல் சொன்னார்.

ஒரு மீட்டர் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். ஆறடி என்றால் நூற்று எண்பத்து மூன்று வரவேண்டும் என்று பாப்பா அறிவித்தார்.

“இத்தனை வருஷமா பதினஞ்சு சென்டிமீட்டர் ஏமாத்தியிருக்கீங்க” என்றார் திரையக்கா.

கணவர் அசரவில்லை. “மில்லிமீட்டர்ல எவ்வளவு?”

“ஆயிரத்து அறுநூத்தி எண்பது.”

“ஆயிரத்து அறுநூத்தி எண்பது! இனிமே யார் கேட்டாலும் அதையே சொல்லு. நல்லா கம்பீரமா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று திரையக்கா நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பரப்பளவு வந்தது. ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர் என்றார் மிஸ். திரையக்கா எழுந்து நின்றார்.

“மிஸ், நூறுன்னு வரணும். மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர்னா சதுர மீட்டருக்கும் நூறுதானே?”

“இல்லக்கா, பத்தாயிரம்.”

“துணியோட புழங்குறவ மிஸ் நான். ஒரு சதுர மீட்டர் துணி கைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். பத்தாயிரமெல்லாம் அதுல அடங்காது.”

மிஸ் விளக்கினார். மணி அடித்துவிட்டது. திரையக்கா சமாதானமாகவில்லை. வழியெல்லாம் நாத்தனாரோடு வாக்குவாதம். பாப்பா மிஸ்ஸின் கட்சி. தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவவேண்டும் என்று பந்தயம் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலாளி மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு மேஜையில் இடம் கேட்டார்கள்.

கறுப்புத் துணி ஒன்றை விரித்து, தையல் சாக்பீஸால் பக்கத்துக்கு ஒரு மீட்டர் வைத்துச் சதுரம் போட்டார் திரையக்கா. கோடு கத்திபோல் நேராக இருந்தது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார்கள். நூறு கட்டங்கள் வந்தன.

“பார்த்தியா, நூறு!” என்றார் திரையக்கா.

“அண்ணி, அவசரப்படாதீங்க. ஒரு கட்டம் எவ்வளவு பெருசு? உள்ளங்கை வைக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் இவ்வளவு பெருசாவா இருக்கும்? நகம் அளவுதானே?”

திரையக்கா ஒரு கட்டத்துக்குள் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக இழுக்க ஆரம்பித்தார். சாக்பீஸைப் பேனாக்கத்தியால் கூர்மையாக்கிக்கொண்டு, மூக்கு துணியில் படும் அளவுக்குக் குனிந்து, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டார். அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே நூறு குட்டிக் கட்டங்கள் வந்துவிட்டன. நிமிர்ந்து மற்ற தொண்ணூற்றொன்பது கட்டங்களையும் ஒரு பார்வை பார்த்தார். எண்ணத் தேவையிருக்கவில்லை.

“நூறு நூறு” என்றார் மெதுவாக. “பத்தாயிரம்.”

முதலாளியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “எனக்கும் நூறுன்னுதான் தோணிச்சு” என்றார்.

திரையக்காவுக்குத் தோற்றது வருத்தமாகவே இல்லை. பல வருஷமாகக் கையில் புழங்கிய ஒரு துணிக்குள் இவ்வளவு கட்டங்கள் இருந்திருக்கின்றன என்பது அவருக்கு ஒரு செல்வம் கிடைத்தது போல இருந்தது. அந்தத் துணியை உதறாமல் சுருட்டி, அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். மிஸ் அதைக் கரும்பலகையின் மேல் விரித்துத் தொங்கவிட்டார். ஒரு வாரம் பாத்திரம் கழுவியபோது நாத்தனார் வேண்டுமென்றே இரண்டு டம்ளர் அதிகமாக எடுத்துக் குடித்தார் என்பது மட்டும்தான் அவருக்கு மனக்குறை.

பாடங்கள் நகர்ந்தன. செய்முறை வகுப்புதான் அவருக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி அளவுக் குழாயில் தண்ணீர் நடுவில் குழிந்து நிற்கும். கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குழிவின் அடியைப் படிக்கவேண்டும். நூல் கோர்க்கிற கண் இல்லையா? அதில் அவருக்குத் தப்பே வராது. தராசுத் தட்டில் சின்னஞ்சிறு எடைகளை இடுக்கியால் எடுத்து வைப்பதும் பிடித்தது. பாப்பாவுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. எடையைக் கையால் எடுத்துத் திட்டு வாங்குவார்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். திரையக்காவின் மேஜையில் ஒரு கல்லும் நூலும் தண்ணீர் ஊற்றிய குழாயும் இருந்தன. கல்லை நூலில் கட்டி இறக்கினார். தண்ணீர் ஏறியது. முழங்காலை மடித்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்தார்.

“முப்பத்தஞ்சு மில்லிலிட்டர் ஏறியிருக்கு சார்.”

“லிட்டரில்?”

திரையக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் காத்திருந்தார். பக்கத்து மேஜையிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தார். அண்ணிக்கு மறந்துவிட்டது என்றே நினைத்தார். மறக்கவில்லை. லிட்டர் பெரிய துண்டு, எண் சின்னதாகவேண்டும், புள்ளியை மூன்று இடம் தள்ளவேண்டும் என்று அவர் மனசுக்குள் நிதானமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

“பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு அஞ்சு லிட்டர்.”

“சரி” என்றார் பரிசோதகர். அடுத்த மேஜைக்கு நகர்ந்தவர், திரும்பி, “முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க. மத்தவங்க கல்லெல்லாம் அவுந்து விழுந்துடுச்சு” என்றார்.

முடிவு வந்தபோது பாப்பா எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார், கணக்கு உட்பட. திரையக்கா ஆங்கிலத்தில் மட்டும் தேறவில்லை. அறிவியலில் அறுபத்தொன்று. கணவர் வேனில் வைத்திருந்த ரொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொடுத்து, “ஆங்கிலம் எங்க ஓடிடப் போகுது, அடுத்த தடவை பிடிச்சுக்கலாம்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் வெளியே போய் ஜன்னல் அளந்துவருகிற பெரியவர், மகன் வீட்டோடு இருக்கப்போவதாகச் சொல்லி நின்றுகொண்டார். முதலாளி தையல் அறைக்கு வந்து, “அக்கா, நீங்க போறீங்களா? இப்ப வர்ற வரைபடமெல்லாம் மில்லிலதான் இருக்கு. உங்களுக்குத்தான் அது தெரியுமே” என்றார்.

திரையக்கா மெஷினை நிறுத்தினார். அந்த அறையில் உட்கார்ந்து எத்தனையோ திரைகளைத் தைத்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியைத் தவிர, தான் தைத்தது எந்த ஜன்னலில் தொங்குகிறது என்று பார்த்ததில்லை. போகிறேன் என்றார்.

முதல் வீடு புதுக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. வயதான கணவனும் மனைவியும் அன்றுதான் குடிவந்திருந்தார்கள். பெட்டிகள்கூடப் பிரிக்கப்படவில்லை. திரையக்கா சின்ன ஏணியை விரித்து ஏறி, சட்டத்தின் மேல் மூலையில் டேப்பை வைத்தார். ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். சுவர் எங்கேயும் நேராக இருப்பதில்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே ஜன்னல் மேலே ஆயிரத்து நானூற்றைம்பதும் கீழே ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டுமாக இருந்தது.

“பன்னிரண்டு மில்லி வித்தியாசம் இருக்கும்மா. பயப்படாதீங்க, திரை மறைச்சுடும்” என்றார்.

“அதைப் பத்தி இல்ல” என்றார் அந்த அம்மா. “இவருக்குக் காலையில வெயில் முகத்துல அடிச்சா பிடிக்காது. எனக்கு வெயில் இல்லாம எழுந்திருக்கவே முடியாது. என்ன பண்றது?”

திரையக்கா ஏணியில் நின்றபடியே கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இத்தனை காலம் சீட்டில் இப்படியொரு விஷயம் எழுதி வந்ததே இல்லை.

“அவர் எந்தப் பக்கம் படுப்பாரு?”

“சுவர்ப் பக்கம்.”

“அப்ப ரெண்டு துண்டா போட்டுடலாம். அவர் பக்கம் கெட்டித் துணி. உங்க பக்கம் மெல்லிசு. யார் எப்ப வேணா இழுத்துக்கலாம்.”

அந்த அம்மாள் கைதட்டிச் சிரித்து, உள்ளே இருந்த கணவரைக் கூப்பிட்டார். இருவரும் ஜன்னலடியில் நின்று, எந்த நிறம் என்று பேசத் தொடங்கினார்கள். பேச்சு சீக்கிரம் முடிகிற மாதிரி இல்லை. திரையக்கா ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். கீழே தெருவில் வண்டிகள் போயின. எதிர் மாடியில் யாரோ ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக வந்தது. அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.